மூத்த நாய் இருக்கும் வீட்டில் புது நாய்க்குட்டி

கேள்வி: "எங்களுக்கு அனுமந்தையில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மல்லாட்டை போடுகிறோம். 11 வெள்ளாடு வளர்க்கிறோம். வீட்டுக்காரர் உப்பளத்து வேலைக்குப் போகிறார். மணி என்ற நாட்டு நாய் 8 வருடமாக எங்களிடம் இருக்கிறது. ராத்திரியில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் அதுதான். போன வாரம் என் பையன் உப்பளத்துக் கொட்டகையில் கிடந்த ஒரு பெட்டை நாய்க்குட்டியைத் தூக்கி வந்துவிட்டான். இரண்டு மாதக் குட்டி இருக்கும். அதைக் கண்டாலே மணி உறுமுகிறது. முந்தாநாள் மணியின் சோற்றில் குட்டி வாய் வைத்ததும் கழுத்தில் கவ்வி அமுக்கிவிட்டது. ரத்தம் வரவில்லை. ஆனால் குட்டி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மாமனார், குட்டியைச் சுங்கச்சாவடிப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். மணிக்கு வயசாகிவிட்டது, அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் குட்டியை வளர்க்கலாம் என்கிறார் கொழுந்தனார். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?"
- அனுமந்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, இரண்டையும் விட வேண்டாம். ஒரு மாதம் பொறுமையாக இருந்தால் இரண்டும் ஒரே வாசலில் படுக்கும்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 8 வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் மூன்று, நான்கு வருடம் காவல் காக்கும். குட்டி நம்பிக்கையான காவல் நாயாக மாற ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும். இன்றைக்கு மணியை விரட்டினால் அவ்வளவு காலமும் உங்கள் பட்டிக்குக் காவல் இல்லை. குட்டியை விட்டுவிட்டால், மணி தளர்ந்துபோகும் நாளில் கைவசம் அடுத்த நாய் இல்லை. இரண்டும் சேர்ந்திருக்கும் இந்த இரண்டு வருடம்தான் குட்டிக்குப் பள்ளிக்கூடம். எந்த ஆடு நம்முடையது, யார் வந்தால் குரைக்க வேண்டும், ராத்திரி எங்கே படுக்க வேண்டும் என்பதை நம்மைவிட மணிதான் அதற்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

சுங்கச்சாவடிப் பக்கம் விட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வண்டிகளுக்கு நடுவே இரண்டு மாதக் குட்டி எத்தனை நாள் தாங்கும்? பசியிலும் தாகத்திலும் வாடும் என்று தெரிந்தே வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

மணி செய்தது பகையா?

இல்லை. 'இது என் தட்டு, தள்ளி நில்' என்று சொல்லியிருக்கிறது. பெரிய நாய் கொல்ல நினைத்தால் இரண்டு மாதக் குட்டி ஒரு நொடி தாங்காது. கவ்வியும் ரத்தம் வரவில்லை என்றால், மணி பல்லை அடக்கித்தான் கவ்வியிருக்கிறது. உறுமல், பல்லைக் காட்டுதல், அமுக்கிப் பிடித்து விட்டுவிடுதல் எல்லாம் நாய் பாஷையில் எச்சரிக்கை.

அதனால் உறுமியதற்காக மணியை அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை மட்டும்தான் நிறுத்தும். அதன் எரிச்சல் போகாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். குட்டி வந்த பிறகுதான் அடி விழுகிறது என்பதும் அதன் மனதில் பதிந்துவிடும்.

முதல் 14 நாள் தனி இடம்

சந்தையில் புது ஆடு வாங்கினால் நேராகப் பட்டியில் விடமாட்டீர்கள். நோய் இருக்கிறதா என்று தனியே கட்டிப் பார்ப்பீர்கள். நாய்க்குட்டிக்கும் அதுவே முறை. எங்கே பிறந்தது, தாய்க்கு ஊசி போட்டார்களா என்று தெரியாத குட்டி இது. பார்வோ என்ற வைரஸ் நோய் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். வாந்தி, நாற்றத்தோடு ரத்தம் கலந்த கழிச்சல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல் வடிந்தால் அது டிஸ்டெம்பராக இருக்கலாம். எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பின்கட்டிலோ தாழ்வாரத்திலோ மூங்கில் தட்டி வைத்து ஒரு மூலையை அடைத்துக் குட்டியை விடுங்கள். வீட்டு ஆட்கள் அதோடு பழகலாம். ஆட்டுச் சத்தமும் வாசனையும் அதற்கு எட்டட்டும். மணி மட்டும் பக்கத்தில் வர வேண்டாம். ஒரு வாரம் போனதும், குட்டி நன்றாக இருந்தால், அது படுத்த சாக்கை மணியின் இடத்துக்குப் பக்கத்திலும் மணி படுத்த சாக்கைக் குட்டியிடமும் போடுங்கள். நாய் கண்ணால் பழகுவதற்கு முன்னால் மூக்கால் பழகும்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது. குட்டி கழிந்த சிமென்ட் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள்.

முதல் சந்திப்பு

வீட்டு வாசல், ஆட்டுப்பட்டி, சோறு வைக்கும் இடம் மூன்றும் மணியின் எல்லை. அங்கே வேண்டாம். தெரு நாய்கள் வராத சவுக்குத் தோப்போ உங்கள் கொல்லையின் கடைசி வரப்போ போதும். வெயில் தாழ்ந்த நேரத்தில் மணியை வீட்டுக்காரர் கயிற்றில் பிடித்துக்கொள்ளட்டும். குட்டியைப் பையன் தூக்கி வரட்டும். ஊசி முடியாத குட்டியை வழியில் கீழே விட வேண்டாம்.

பத்தடி இடைவெளியில் இருவரும் ஒரே திசையில் நடக்கட்டும். நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ஏதோ ஆபத்து என்று மணி நினைக்கும். மணி தலையைத் தாழ்த்தி, வாலைத் தளர்வாக ஆட்டினால் குட்டியைக் கீழே விட்டு மோந்து பார்க்க விடுங்கள். மூன்று எண்ணும் நேரம் போதும், கூப்பிட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். நாலைந்து நாள் இப்படியே செய்யுங்கள். அதற்குப் பிறகு வீட்டு வாசலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சேர்த்து விடுங்கள். ராத்திரியிலும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் இன்னும் சில வாரம் தனித்தனியே இருக்கட்டும்.

மணியின் இடம் மணிக்கே

குட்டி வந்ததும் எல்லோரும் அதையே கொஞ்சுகிறோம். மணி வாலாட்டி வந்தால் 'போ அந்தப் பக்கம்' என்கிறோம். பாதிப் பிரச்சினை இங்கேதான். சோறு முதலில் மணிக்கு. பிறகு குட்டிக்கு, வேறு தட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மணி படுக்கும் திண்ணையில் குட்டி ஏறக் கூடாது. தொல்லை தாங்காமல் மணி எழுந்து போனால் பின்னாலேயே போகும் குட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். பையன் தினமும் கால்மணி நேரம் மணியோடு மட்டும் இருக்கட்டும். குட்டி பக்கத்தில் இருக்கும்போது மணி அமைதியாக இருந்தால் ஒரு துண்டு வேக வைத்த மீனை முள் எடுத்துக் கொடுங்கள். குட்டி வந்தால் நல்லது நடக்கிறது என்று அது கற்றுக்கொள்ளும்.

எட்டு வயது நாய்க்கு மூட்டு வலியோ காதில் சீழோ இருக்கலாம். தொட்டாலே சீறுகிற நாய்க்குப் பல நேரம் வலிதான் காரணம். மருத்துவரிடம் மணியையும் காட்டுங்கள்.

குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, மூன்று மாதம் ஆனதும் மூன்று வேளை சோறு வையுங்கள். வெறும் மோர்ச்சோறு போதாது. முட்டை, முள் நீக்கிய மீன் சேருங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். உப்பளம் பக்கம் போனால் பாத்தித் தண்ணீரைக் குடித்துவிடும். அது குட்டிக்கு விஷம்தான். எந்நேரமும் நல்ல தண்ணீர் வீட்டில் இருக்கட்டும். மல்லாட்டைக் கொல்லையில் எலிக்கு மருந்து வைத்தால் இரண்டையும் கட்டிவையுங்கள். மருந்து கலந்த விதை மிச்சமிருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஆட்டோடு பழக்கம்

அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் என்ற தம்பதி 1970களின் பிற்பகுதியிலிருந்து பல வருடம் மந்தைக் காவல் நாய்களை விவசாயிகளிடம் கொடுத்து ஆராய்ந்தார்கள். முதல் 16 வாரத்துக்குள் ஆட்டோடு சேர்ந்து வளரும் குட்டிதான் மந்தையைத் தன் கூட்டமாக நினைக்கிறது என்பது அவர்கள் கண்டது. உங்கள் குட்டிக்கு இப்போது 8 வாரம். அதனால் 14 நாள் முடிந்ததும் தாமதிக்காதீர்கள். தினமும் காலையும் மாலையும் கயிற்றோடு பட்டிக்குக் கூட்டிப் போங்கள். மணி அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆட்டுக்குட்டியைத் துரத்த ஆரம்பித்தால் உடனே கயிற்றைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். துரத்துவது ஒரு முறை விளையாட்டாகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

ஊசியும் பூச்சி மருந்தும்

நான் வேளாண்மை படித்தவன். மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியவை இவை.

- மணிக்குக் கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் உடனே போடுங்கள். வருடம் ஒரு முறை அவசியம்.
- குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி இப்போது முதல் தவணை. 3-4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை.
- மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அடுத்த தவணையை மருத்துவர் சொல்வார்.
- குட்டிக்கு மூன்று மாதம்வரை 15 நாளுக்கு ஒரு முறையும், ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு நீக்க மருந்து. மணிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாடாப்புழுவுக்கும் சேர்த்து.

இந்த நாடாப்புழு மருந்து ஆட்டுக்காகவும்தான். நாயின் சாணத்தில் வரும் நாடாப்புழு முட்டை புல்லில் ஒட்டி ஆட்டின் வயிற்றுக்குள் போனால், ஒரு வகை ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வைக்கும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். இன்னொரு வகை மனிதருக்கும் ஈரலில் கட்டி வைக்கும். ஆடு அறுத்தால் தலை, ஈரல், நுரையீரல் எதையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள்.

பெட்டைக் குட்டி என்பதால் ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடலாம். கருத்தடை அறுவை சிகிச்சையை எப்போது செய்யலாம் என்று முதல் ஊசிக்குப் போகும்போதே கேட்டுவையுங்கள். பெட்டை என்பதால் காவலுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது

பையன் கையில், காலில் குட்டியின் பல்லோ நகமோ பட்டுக் கீறல் இருக்கிறதா? பால் பல் கடித்தால் ஒன்றும் ஆகாது என்பது தவறு. குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். அந்த நோய் வந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. புதுக் காயமானால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். போன வாரத்துக் கீறலாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஊசி இலவசம். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். வழக்கமாக முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று ஊசி போடுவார்கள். ஒரு தவணையும் விடக் கூடாது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

மணி சத்தமே இல்லாமல் உடம்பை விறைத்து, கண் எடுக்காமல் குட்டியை முறைத்தால், குட்டி பணிந்து படுத்த பிறகும் விடாமல் போய்க் கடித்தால், கவ்வி உதறினால், ரத்தம் வந்தால், அது பாடம் சொல்வதல்ல. உடனே பிரித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிரிக்கும்போது நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது முறத்தையோ தட்டியையோ இடையில் செருகுங்கள். அவசரத்துக்குக் கால்நடை உதவி எண் 1962.

இவை எதுவும் இல்லாமல் உறுமல் மட்டும் என்றால், நாளுக்கு நாள் குறையும். குட்டி தட்டிலிருந்து தானாக ஒதுங்கி நிற்கிற அன்றைக்கு அது மணியின் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாமனாரிடமும் கொழுந்தனாரிடமும் மேலே சொன்ன வருடக் கணக்கைச் சொல்லுங்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கு அது புரியும். பையனிடம் குட்டி எங்கேயும் போகாது என்று சொல்லுங்கள். மணியின் தட்டில் முதல் சோற்றை வைக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள்.