மாத்திரை தரும் இடத்திலேயே கண்ணையும் படம் பிடியுங்கள்

தேனி மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

தேவதானப்பட்டி வட்டாரத்துச் சர்க்கரை நோயாளிகளின் சார்பில் இந்த மடல்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது அது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இவர்களின் வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது, பாராட்டுகிறோம். ஆனால், இத்தனை ஆண்டுச் சர்க்கரை உடம்புக்குள் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது எப்போது?

உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் அங்குள்ள நுண்குழாய்களின் சுவர் பலவீனமாகிப் புள்ளிபுள்ளியாகப் புடைக்கும். ரத்தமும் கொழுப்பும் கசியும். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுவதும் இதே போன்ற நுண்குழாய்கள்தாம். கண்ணில் சேதம் தெரிந்தால் சிறுநீரகத்தையும் சோதித்தாக வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் பல நாட்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

விழித்திரைப் பாதிப்பின் தொடக்கத்தில் நோயாளிக்குப் பார்வை நன்றாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். ‘கண்ணு நல்லாத்தானே தெரியுது’ என்று இருந்துவிடுவார். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகலாமே என்று கேட்கலாம். மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறவருக்குப் பெரியகுளம் தாண்டிப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்தால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும்; அன்றைக்கு வேறு வேலையும் ஓடாது. வலியே இல்லாத நோய்க்காக யார் போவார்? இன்றுள்ள கையடக்கக் கேமராக்களால் பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு மருந்தில்லாமலே படம் எடுத்துவிடலாம். பயிற்சி பெற்ற செவிலியரே எடுக்கலாம். மருத்துவர் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்லலாம்.

கணினியே படத்தைப் படித்துச் சொல்லும் காலமும் வந்துவிட்டது. கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முறைக்கு அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. அதே நிறுவனத்தார் 2018இல், விழித்திரைப் படத்திலிருந்தே ரத்த அழுத்தத்தையும் புகைப்பழக்கத்தையும் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். இந்தக் கணிப்பு இன்னும் ஆய்வு நிலைதான். ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கு மாற்றாகாது. நாங்கள் கேட்பது அதைவிட எளிய காரியம்.

ஒன்று: ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, மாத்திரை வழங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, விழித்திரைப் படம். நிலையத்துக்கு ஒரு கேமரா முடியாதென்றால், வட்டாரத்துக்கு ஒன்றாக முறைவைத்துச் சுற்றி வரட்டும்.

இரண்டு: படத்தில் பாதிப்பு தெரிந்தால் கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதுவதோடு நிற்கக் கூடாது. அன்றைக்கே ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், இசிஜி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

மூன்று: இந்த முடிவுகள் எல்லாம் நோயாளியின் ஒரே குறிப்பேட்டில் ஏற வேண்டும். இதயத்துக்கு ஒரு திட்டம், சிறுநீரகத்துக்கு ஒரு திட்டம் என்று அரசு தனித்தனியாக வகுத்திருக்கிறது. நோயாளிக்கோ இருப்பது ஒரே உடம்பு.

பார்வை போன பிறகும், டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் செய்கிற செலவோடு ஒப்பிட்டால் ஒரு கேமராவின் விலை பெரிதல்ல. தேவதானப்பட்டி வட்டாரத்திலேயே இதைத் தொடங்கிப் பாருங்கள். பலன் தெரிந்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் விரிவுபடுத்துங்கள். இதற்கான உத்தரவைத் தாமதமின்றிப் பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.