முதல் ஒரு மணி நேரம் பந்தயம் வேண்டாம்

சென்ற கோடை விடுமுறையில் நம் சபை வாலிபர்களைக் கயாக் ஓட்ட நேப்பியன் ஆற்றுக்கு அழைத்துப் போனோம். பிளாக்டவுனில் ரயில் ஏறினால் பென்ரித் அரை மணி நேரம்தான். கரையில் பத்து நிமிடம் "இப்படிப் பிடி, இப்படி இழு" என்று காட்டிவிட்டு, இரண்டு அணியாகப் பிரித்துப் பந்தயம் விட்டோம். பந்தயம் வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

திரும்பும்போது எதிர்க்காற்று. பதினான்கு வயதுத் தம்பி ஒருவன் நடு ஆற்றில் அப்படியே நின்றுவிட்டான். இன்னொரு படகில் கட்டி இழுத்து வந்தார்கள். "அக்கா, கை இருக்கிற மாதிரியே தெரியல" என்றான். ஜூஸ் டப்பாவைக்கூடத் தூக்க முடியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே லேசான வீக்கம். ஐஸ் வைத்தேன், சில நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அவன் அம்மா, "இதுக்குத்தான் தண்ணிப் பக்கமே போகாதேன்னு சொன்னேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அவன் கையில் துடுப்பைக் கொடுத்தோம், துடுப்புப் போடக் கற்றுக்கொடுக்கவில்லை.

நர்சுகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. நோயாளியைப் படுக்கையில் நகர்த்தும்போது கையால் இழுக்கக் கூடாது. காலை ஊன்றி, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற வேண்டும். கை பிடிப்பதற்கு மட்டும். கயாக்கின் ஃபார்வர்ட் ஸ்ட்ரோக்கும் இதேதான். நிமிர்ந்து உட்கார வேண்டும். வலப்பக்கம் போடுவதற்கு முன் வலது தோள் முன்னே வரும்படி உடம்பைத் திருப்ப வேண்டும். துடுப்பின் தட்டை பாதத்துக்கு அருகே முழுவதும் தண்ணீரில் இறங்கிய பிறகே, வலது காலை உதைத்துக்கொண்டு உடம்பை மறுபடி திருப்ப வேண்டும். தட்டை இடுப்புக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னாலும் இழுத்தால் தண்ணீரைத்தான் தூக்குவோம், படகு நகராது. படகை விட்டுத் தள்ளி அகலமாகப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பிவிடும். பிடி தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கி மடக்கி இழுத்தால் தசைநாணைச் சுற்றியுள்ள உறை வீங்கும். அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்ய வைக்க வேண்டும். முழங்கையை மடக்காமல் ஐந்து நிமிடம் துடுப்புப் போடச் சொன்னால் போதும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கை மடங்காவிட்டால் உடம்பு திரும்பியே ஆக வேண்டும்.

பென்ரித்தில் 2000 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய நீர்ப்பாதையில் பயிற்சி பெற்றவர் ஜெசிக்கா ஃபாக்ஸ். 2024 பாரிஸில் கயாக், கேனோ ஸ்லாலம் இரண்டிலும் தங்கம். தங்கை நோமிக்கு அங்கேயே கயாக் கிராஸில் தங்கம். ஜெசிக்காவின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, அம்மா மிரியம்; 1996 அட்லாண்டாவில் வெண்கலம் வாங்கியவர். நம் பக்கத்து ஊரில் ஓர் அம்மா மகளின் துடுப்பைப் பார்த்துத் திருத்துகிறார். நாம் பிரியாணிப் பாத்திரத்துக்குக் காவல் இருக்கிறோம். (பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.)

ஒரு மணி நேரம் இதையே செய்தால் பையன்களுக்குப் போரடிக்கும் என்கிறார்கள் வாலிபர் தலைவர்கள். போரடிக்கட்டும். அன்று பலசாலிகள் வளைந்து வளைந்து போனார்கள். ஒல்லியான ஒரு தங்கை சத்தமில்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தாள். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருந்தது, அதில் குறையில்லை. ஆனால் அது மிதக்க வைக்கும், காற்றை எதிர்த்துக் கரைக்குக் கொண்டுவராது. தன் பலத்தில் திரும்பி வரத் தெரியாத பிள்ளையைப் பந்தயத்துக்கு விடுவது தவறு என்பதே என் கருத்து.

ஏப்ரல் விடுமுறையில் மறுபடி போகலாமா என்று யோசிக்கிறோம். முதல் ஒரு மணி நேரம் ஆழமில்லாத ஓரத்தில், பந்தயம் இல்லாமல். கவிழ்ந்தால் வெளியே வருவதையும் அங்கேயே பழகிவிடலாம். பெற்றோரும் படகில் ஏற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பியின் அம்மாவிடம் தயங்கித்தான் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சிஸ்டர், எனக்கு நீச்சல் தெரியாதே, ஏறலாமா?" என்றார். இருவர் உட்காரும் படகில், எனக்கு முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.