குட்டி அழுதால் உதையா கொடுப்பது?

கோலா தெர்லா பக்கத்து லயங்களில் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வந்துவிட்டால், அன்றைக்கு ராத்திரி வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் தூக்கம் போச்சு! சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் மறு வீட்டில் கேட்கும். காலையில் பெரட்டுக்குப் போகிற நேரத்தில், "என்னய்யா, விடிய விடிய கத்துது அந்தச் சனியன்" என்று அடுத்த வீட்டுக்காரர் முறைக்கிறார். நாய்க்காரருக்கு ரோஷம் வருகிறது. மறுநாள் ராத்திரி எழுந்துபோய்க் குட்டிக்கு ஓர் உதை விடுகிறார். மூன்றாம் நாள் அது சாக்குக்குள் ஏறி, கம்போங் ராஜா கடைப் பக்கத்திலோ காய்கறித் தோட்டத்து ஓரத்திலோ இறக்கிவிடப்படுகிறது. பிறகு அதுவே தெரு நாயாகி, குப்பையைக் கிளறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் துரத்துகிறது. அப்போது "நாய்த் தொல்லை" என்று புகார் கொடுப்பவர்களும் நாம்தான்!

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் குட்டி ஏன் அழுகிறது என்று யாராவது யோசித்தோமா?

நேற்றுவரை அது தாயின் வயிற்றுச் சூட்டில், நாலைந்து குட்டிகளோடு ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தது. இன்றைக்குத் தாயும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. மோந்து பார்த்தால் பழகிய வாசனை ஒன்றுமே இல்லை. 1961இல் அமெரிக்காவில் எலியட், ஸ்காட் என்ற இரு ஆய்வாளர்கள் குட்டிகளைத் தனியே விட்டுப் பார்த்தார்கள். பழகிய இடத்தில் விட்டபோது அழுததைவிட, புது இடத்தில் விட்டபோது அவை அதிகமாக அழுதன என்று கண்டார்கள். ஆகவே அந்த அழுகை திமிரும் அல்ல, அபசகுனமும் அல்ல. "நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான்" என்று பயந்து கல்லெடுக்கும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடுவோம்.

இதற்கு மேல் மலைக்குளிர் வேறு. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது. அவ்வளவு குளிர் தினமும் இல்லைதான். ஆனாலும் மழை பெய்து காற்றடிக்கும் ராத்திரியில், கம்பளிக்குள் இருக்கும் நமக்கே பல் கிட்டுகிறது. ஈரச் சிமெண்டுத் தரையில் கிடக்கும் இரண்டு மாதக் குட்டி என்ன செய்யும்?

சரி, என்னதான் செய்வது? செலவு ஒன்றுமில்லை. ஒரு வாரம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன்பு குட்டியைப் பிரிக்காதீர்கள். வாங்கி வரும்போது தாய் படுத்திருந்த துணி ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒரு பலகைப் பெட்டியில் காய்ந்த சாக்கைப் போட்டு, மேலே அந்தத் துணியை விரியுங்கள். குளிர் அதிகமென்றால் போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஆளையே கொல்லும்.

முதல் மூன்று நாலு ராத்திரி அந்தப் பெட்டி உங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். முனகினால் கையை நீட்டித் தொடுங்கள், போதும். பிறகு ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கதவோரம், அடுத்து அடுப்படி, கடைசியில் அஞ்சடி. பகலிலும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று தனியே விட்டு, அழுகை தொடங்குமுன் திரும்பி வந்துவிடுங்கள். "போனவர் வருவார்" என்பது அதற்குப் பழகட்டும்.

படுக்குமுன் ஒருமுறை வெளியே கொண்டுபோய் மூத்திரம் போக விடுங்கள். சின்னக் குட்டியால் விடிய விடிய அடக்க முடியாது. நடு ராத்திரியில் அழுதால், பேச்சும் விளையாட்டும் இல்லாமல் ஒருமுறை வெளியே விட்டு, திரும்பப் பெட்டியில் விடுங்கள். அடிக்கக் கூடாது. அடி வாங்கிய குட்டி உங்களைக் கண்டும் பயப்படும், தனிமைக்கும் பயப்படும். அழுகையோடு பேதியோ வாந்தியோ இருந்தால் அது நோய். கால்நடை இலாகாவுக்குக் கொண்டு போங்கள்.

"அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறவனுக்கு இதெல்லாம் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அழவிட்டு, உதைத்து, சண்டை போட்டு இழக்கும் தூக்கம் இதைவிட அதிகம். முடியாது என்று தோன்றினால் குட்டியே வாங்காதீர்கள். அதுவும் ஒரு தர்மம். வாங்குவதென்றால் முதல் நாளே அக்கம்பக்கத்தில், "ஒரு வாரம் பொறுத்துக்குங்க அண்ணே" என்று சொல்லி வையுங்கள். இன்று நம் லயங்களில் வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் குடியிருக்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இஸ்லாமியர்களின் மார்க்க நெறி. ஆகவே குட்டி அவர்கள் வாசலுக்குப் போகாமல் பார்ப்பது நமது கடமை.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில், காவலுக்கென்று இரண்டு மாதக் குட்டியைச் சங்கிலியில் கட்டிவிட்டுச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்திலே பூச்சி மருந்துப் போத்தல், எலி விஷம். பயந்து நடுங்கும் குட்டி எதைக் காவல் காக்கும்? வளர்ந்து, இடமும் ஆளும் பழகிய நாய்தான் காவலுக்கு ஆகும்.

சட்டமும் சும்மா இல்லை. 2015ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் 2017இல் அமலுக்கு வந்தது. பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்கிற காரியமா இது?

ஊர் விட்டு ஊர் வந்து, முன்பின் தெரியாத மலையில், குளிரில் நடுங்கி முதல் ராத்திரியைக் கழித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அந்தத் தவிப்பு என்னவென்று நம் லயத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி குட்டியின் பெட்டியை உங்கள் பாய்ப் பக்கம் இழுத்துப் போடுங்கள்.