பணிக்கொடை யாருடைய பணம்?



'பணிக்கொடை' என்னும் சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. கொடை என்றால் கொடுப்பவர் மனமிரங்கி அளிப்பது என்று பொருள்படும். வளைகுடா நாடுகளின் தொழிலாளர் சட்டங்களோ அதை ஆண்டுதோறும் உழைப்பவரின் கணக்கில் சேர்ந்து, பணி முடியும்போது தீர்க்கப்பட வேண்டிய கடனாகவே வைத்திருக்கின்றன. ஆகவே அதைத் தராத நிர்வாகத்தைக் கஞ்சத்தனமுடையது என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அது பிறர் பொருளை அபகரிக்கிறது.

திருவட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வளைகுடா சென்றவர்கள் உண்டு. நமக்கு அரபு வாசிக்கத் தெரியும் என்பதால் ஊர் திரும்பியோர் சிலர் தம் தாள்களுடன் மதரஸாவுக்கு வருகின்றனர். அவ்வாறு வந்த ஒரு சகோதரி சவூதியில் தனியார் பள்ளியொன்றில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர். மாதச் சம்பளம் 4,200 ரியால். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது பள்ளிதான். எனினும், "விமானச் சீட்டு வேண்டுமானால் இதில் கையெழுத்திடுங்கள்" என்று ஓர் அரபுத் தாளை நீட்டியிருக்கின்றனர். தாமாகவே விலகுவதாகவும், உரிமைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டதாகவும் அதில் எழுதியிருந்தது. அவர் பெற்றதோ கடைசி மாதச் சம்பளம் மட்டுமே.

சவூதிச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் தரவேண்டும். அவருக்குச் சேர வேண்டியது 14,700 ரியால். ஐந்தாண்டுக்கு மேல் பத்தாண்டுக்குள் தாமே விலகியவருக்கு மூன்றில் இரு பங்கு, அதாவது 9,800 ரியால் மட்டுமே. 'விலகுகிறேன்' என்ற சொல் 4,900 ரியாலைப் பறித்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல் மீதியையும் பறித்தது. முறையிடப் பணி முடிந்ததிலிருந்து 12 மாதங்களே அவகாசம். அவர் நம்மிடம் வந்தபோது 14 மாதங்கள் கடந்திருந்தன.

"அவரே கையெழுத்திட்டாரே" என்று வாதிடுவோர் உண்டு. மார்க்கத்தில் கொடுக்கல் வாங்கலுக்கு இரு தரப்பின் மனப்பொருத்தம் நிபந்தனை என்பதை நம் மதரஸா மாணவனும் அறிவான். புரியாத மொழியில், ஊர் திரும்ப முடியாதோ என்ற அச்சத்தில் இட்ட கையெழுத்தில் எந்தப் பொருத்தம் இருக்கிறது?

அமீரகத்தில் வேறொரு வழி. அங்கே முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடுவர். ஆகவே 3,000 திர்ஹத்தில் 1,500-ஐ மட்டும் அடிப்படையாகக் காட்டி, மீதியை வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று எழுதிவிட்டால், ஏழு ஆண்டு உழைப்புக்கு 16,500 திர்ஹம் பெறவேண்டியவர் 8,250 மட்டுமே பெறுவார்.

குகையில் சிக்கிய மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமல் போன உழைப்பாளியின் பங்கை வளர்த்து, அவர் திரும்பி வந்தபோது மந்தை முழுவதையும் ஒப்படைத்தார். அந்தச் செயலை முன்னிறுத்தியே அவர் அல்லாஹ்விடம் உதவி கேட்டார். நம் கால நிர்வாகிகள் எதை முன்னிறுத்திக் கேட்பார்கள்?

அரபு முதலாளியை மட்டும் பழித்து நாம் தப்பிவிட முடியாது. பணிக்கொடைச் சட்டம் ஆசிரியர்களையும் உள்ளடக்கும் என 2009-இல் திருத்தம் வந்தது; 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆயினும் நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளில் எத்தனை அதை முறையாகத் தருகின்றன? இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதை ஒரு சால்வையுடன் வழியனுப்பும் ஜமாஅத்துகள் எத்தனை? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளக்கும்போது குறைத்தும் கொடுப்போரை அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் கண்டிப்பது தராசுக்கு மட்டும்தானா?

வெளிநாடு செல்லும் ஆசிரியர்களே! ஒப்பந்தத்தின் நகலை வீட்டிலும் ஒன்று வைத்துச் செல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். வாசித்துப் புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். கெடு முடியுமுன் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிலும் இந்தியத் தூதரகத்திலும் முறையிடுங்கள். உரிமையைக் கேட்பது பேராசையாகாது.

நிர்வாகிகளே! இவ்வுலகில் தீர்க்காத கூலிக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்ற எச்சரிக்கையை அஞ்சுங்கள்.

உழைத்தவரின் உரிமையை உரிய நேரத்தில் தருவோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.