இடையில் விட்டுப்போன வரிகள்

இந்த வாரம் முழுக்க எனக்கு மனசு ஆறவே இல்லை. செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு அண்ணனோடு ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மகன் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல். செமஸ்டர் ரிசல்ட் வந்ததில் மூன்று பேப்பர் போய்விட்டது. பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லிக் கல்லூரியிலிருந்து செய்தி. "சார், நீங்களும் கூட வாங்க. இங்கிலீஷ்ல ஏதாச்சும் கேட்டாங்கன்னா எனக்குப் பதில் சொல்ல வராது" என்றார்.

செமினார் ஹாலில் இருநூறு பேர் இருந்திருப்போம். ஒருவர் மைக்கைப் பிடித்துப் பெயரையும் அரியர் எண்ணிக்கையும் வாசித்தார். பெயர் வந்ததும் மாணவன் எழுந்து நிற்க வேண்டும். கூட வந்தவரும் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். செக்போஸ்ட்டில் அவர் நிமிர்ந்து நின்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாருக்கு முன்பும் துண்டு தோளிலிருந்து இறங்கியதில்லை. பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வாசிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு பேச வந்த சிறப்பு விருந்தினர் என்னை வேறு பக்கம் திருப்பிவிட்டார். "கணிதமேதை ராமானுஜனே ஃபெயில்தான். அவர் ஜெயிக்கவில்லையா? உங்களுக்கு மட்டும் ஏன் முடியாது?" என்றார். கைதட்டல். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், ராமானுஜன் பிறந்தநாளான டிசம்பர் 22 வரும்போதெல்லாம் நான் இதைச் சொல்லிப் புலம்புகிறவன். ராமானுஜன் தோற்றார், பிறகு கேம்பிரிட்ஜ் போனார் என்று இரண்டே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவே ஏழெட்டு வருடம் இருக்கிறது. அந்த வருடங்களில் அவருக்குச் சோறு போட்டவர்கள், இடம் கொடுத்தவர்கள், கடிதம் எழுதியவர்கள், கூட உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரையும் மேடையில் ஒரே மூச்சில் அழித்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராபர்ட் கனிகல் எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றை மறுபடி எடுத்தேன். 1991-இல் வந்த புத்தகம். என் பிரதி முதுகு விட்டுப்போய், ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அதில் நான் அடிக்கடி திருப்புவது கேம்பிரிட்ஜ் பகுதியை இல்லை. 1905-க்கும் 1913-க்கும் இடைப்பட்ட பக்கங்களைத்தான்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த பையன். ஆங்கிலக் கட்டுரைத்தாளில் தோற்றதால் உதவித்தொகை போயிற்று. அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரையே நேரில் பார்த்து வாதாடினார், பலிக்கவில்லை. துணிக்கடையில் கணக்கு எழுதுகிற அப்பாவின் சம்பளத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டி முடியாது. 1905 ஆகஸ்டில் பையன் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். மகனைக் காணோம் என்று பெற்றோர் பத்திரிகையில் போட வேண்டியதாயிற்று. தேர்வில் தோற்ற பிள்ளை ஊரை விட்டு ஓடுவது இன்றைக்கு நேற்று வந்ததில்லை.

அடுத்த வருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார், கணித இதழ்களில் வரும் கடினமான கணக்குகளை இந்தப் பையனோடு சேர்ந்து உட்கார்ந்து போட்டார். உடலியலில் பையன் வாங்கியது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. அதற்காக முதலியார் அவனைத் தள்ளி வைக்கவில்லை. 1907-இல் எஃப்.ஏ. தேர்விலும் தோல்விதான். கல்லூரிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அப்புறம் வேலையுமில்லை, பட்டமுமில்லை. காகிதம் வாங்கக் கட்டாது என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டுக்கு ஏற்றினார். ஒருசமயம் சென்னையில் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, ராதாகிருஷ்ண ஐயர் என்ற பழைய நண்பர் தன் இடத்தில் வைத்துக்கொண்டார். மருத்துவரைக் கூட்டிவந்து காட்டினார். பிறகு ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார். புறப்படும்போது ராமானுஜன் தன் நோட்டுகளை அந்த நண்பரிடம் கொடுத்து, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சிங்காரவேலு முதலியாரிடம் சேர்க்கச் சொன்னார். இந்த இடத்தைத் தாண்ட எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பிடிக்கும். தன்னைத் தேறாதவன் என்று கல்லூரி எழுதிவிட்ட பிறகும், தன் ஆஸ்தியை ஒப்படைக்க அந்தக் கல்லூரியிலேயே அவருக்கு ஓர் ஆசிரியர் இருந்திருக்கிறார்.

1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸில் உட்கார வைத்து இந்த மூளையைப் பாழாக்க மாட்டேன் என்று சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சென்னையில் தங்க இடம்? கும்பகோணத்தில் அவரிடம் கணக்குக் கற்றுக்கொண்ட மாணவர் விக்டோரியா ஹாஸ்டலில் இருந்தார். அந்த அறையில் ஒண்டிக்கொண்டார். சேஷு ஐயர் என்ற கணிதப் பேராசிரியர் இன்னொரு கடிதம் கொடுத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துப் பேசிய பிறகு நம்பினார். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச் 1-ஆம் தேதி துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அங்கே இருந்த நாராயண ஐயர்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர். ராமானுஜனுக்கு மேலதிகாரி. அவரும் கணிதம் தெரிந்தவர். ஆபீஸ் முடிந்தபின் இருவரும் அவர் வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். நடுவில் நடந்தது அவர் தலைக்குள்ளேயே இருக்கும். நாராயண ஐயர் விடமாட்டார். எனக்கே புரியவில்லையே, மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், இடையில் உள்ள படிகளையும் எழுது என்று பிடிவாதம் பிடிப்பார். யாரோ ஒருவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்ற பழக்கம் அந்தச் சிலேட்டில் வந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போன கடிதத்துக்கு முன்னால் இந்தச் சிலேட்டு ராத்திரிகள் இருக்கின்றன.

அதே 1913-இல், எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் தோற்றாரோ அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு விதிப்படி கொடுக்க முடியாது என்று ஆட்சேபம் வந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் இந்தப் பல்கலைக்கழகத்தின் வேலை என்று சட்டத்தின் முகப்புரையிலேயே இருக்கிறதே என்று துணைவேந்தர் எடுத்துக் காட்டினார். விதியைப் பிள்ளையின் பக்கம் நின்று படித்த ஒருவர் அந்த அறையில் இருந்தார்.

இதெல்லாம் மேதைக்குக் கிடைக்கும், எதிர்வீட்டுப் பையனுக்கு யார் செய்வார்கள் என்று சிலர் கேட்கலாம். நான் மேதை இல்லை. எனக்கும் செய்தார்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் அலைடு மேக்ஸ் எனக்கு இரண்டு முறை ஊத்திக்கொண்டது. முதல் முறை சிரித்துச் சமாளித்தேன். இரண்டாம் முறை மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினேன். தோற்ற மாணவன் முதலில் விடுவது சாப்பாட்டுப் பந்தியைத்தான், அங்கேதான் எல்லோரும் ரிசல்ட் பேசுவார்கள். அடுத்து அந்தப் பாடத்தின் வகுப்பு. அடுத்து வீட்டுக்குக் கடிதம். நான் மூன்றையும் விட்டேன். நான்காவதாக மறுதேர்வுக்குப் பணம் கட்டுவதையும் விட இருந்தேன். அரியர் தங்கிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். பாடம் கடினம் என்பதால் தோற்பது ஒரு முறை. பிறகு விண்ணப்பமே போடாமல் கழிவது பல முறை.

மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். என் தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அடுப்பு மேடையில் வைத்திருப்பார். ஒன்பதரை மணிக்கு எல்லோரும் போனபின் நான் போய்ச் சாப்பிடுவேன். மூன்று வாரம் வைத்தார். ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ரசம் தனியாக டம்ளரில் இருக்கும்.

ஓர் இரவு மூன்றாம் ஆண்டு சீனியர் ஒருவர் என் அறைக்கு வந்தார். பெட்டியிலிருந்து தன் மார்க் ஷீட்டை எடுத்து என் கட்டிலில் போட்டார். அலைடு மேக்ஸ், நூற்றுக்கு 19. கீழே அடுத்த முறை, 27. அதற்கும் கீழே, 61. "மூணாவது அட்டெம்ப்ட்ல அந்த 61. நாளைக்குப் பணம் கட்டக் கடைசி நாள். உன் ஃபாரம் எங்கடா?" என்றார். மறுநாள் தன் பணத்தைக் கட்டி, ரசீதை என் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போனார். அப்புறம் நாற்பது நாள் மொட்டைமாடி டியூப்லைட்டுக்குக் கீழே, பழைய கேள்வித்தாள்கள். ஆறுதலாக அவர் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. தினமும் ஒன்பது மணிக்குப் பாயோடு வந்துவிடுவார்.

அமெரிக்க உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அந்த மார்க் ஷீட் ஞாபகம் வந்தது. கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். இங்கே நமக்கு இடமில்லை என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும், போகப்போகச் சரியாகும் என்பதுதான் அதில் செய்தி. மொத்தம் ஒரு மணி நேர வேலை. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடமும் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

எதிர்வீட்டுப் பையனிடம் புதன்கிழமை பேசினேன். மூன்றில் ஒன்று எம்-3 என்கிற கணக்குப் பாடம். "அதுதான் மாமா பயமா இருக்கு. கிளாஸ்ல கேட்டா, போன செமஸ்டர்ல என்ன பண்ணினேன்னு கேப்பாங்க" என்றான். ஹாஸ்டலில் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

செமினார் ஹாலில் மைக் பிடித்தவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. பெயர் வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில், அதே பாடத்தில் தோற்றுத் தேறிய இறுதியாண்டு மாணவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ஜூனியரை ஒப்படையுங்கள். செலவே கிடையாது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு நல்ல வேலையில், நல்ல பெயரோடு இருக்கிற உங்களில் பலருக்கு எங்கோ ஒரு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு மார்க் ஷீட் கிடக்கும். பிள்ளைகள் கண்ணில் படாமல் வைத்திருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். உங்கள் தெருவில் இந்த வாரம் ரிசல்ட் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள். மறுதேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.