வகுப்பறையில் வளரட்டும் மரியாதை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதலாம் என்று அறிவிப்பு வந்ததும், குமரிமுனையின் இயற்கை அழகு, நூலகத்தின் பயன், அன்னையின் அன்பு என்று ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள் என் வகுப்பினர். அவையெல்லாம் நல்ல பொருள்களே. நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கசப்பானது. பள்ளியில் நாம் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறோம் என்பதே அது.

பள்ளி என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவன பாடங்களும் தேர்வுகளும் மதிப்பெண்களுமே. ஆனால் ஒரு மாணவி காலையில் மகிழ்ச்சியோடு புறப்பட்டு வருகிறாளா, அல்லது வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறாளா என்பது, கணக்குப் பாடத்தைவிடப் பெரும்பாலும் அவள் அருகில் உட்கார்ந்திருப்பவளைப் பொறுத்தே அமைகிறது. திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்துள்ளார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்பன அவை. ஒரே பொருளுக்கு ஐம்பது குறள்! அவற்றுள் இரண்டு அதிகாரங்கள் கெட்ட நட்பைப் பற்றியவை என்பதையும் கவனியுங்கள். நட்பு என்பது தானே முளைக்கும் செடி என்று அவர் எண்ணியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வழியில் நாங்குநேரி என்ற ஊர் இருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். அங்கே 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்து வந்த ஒரு தலித் மாணவர், உடன் படித்த சிலர் சாதியின் பெயரால் கொடுத்த தொல்லை தாளாமல் பள்ளிக்குச் செல்லாமலே இருந்தார். காரணம் ஆசிரியர்களுக்குத் தெரிய வந்தது. அன்றிரவு அந்த மாணவர்கள் அவருடைய வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள், வெட்டுப்பட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகள்! கையில் ஏற்பட்ட காயம் காரணமாகத் தம் கையால் எழுத இயலாத நிலையில், இன்னொருவர் துணையோடு அவர் தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அச்செய்தி 2024 மே மாதம் வந்தபோது பலரும் அவரைப் பாராட்டினார்கள். எனக்கோ வேறொரு கேள்வியே எழுந்தது. அவர் வராமல் இருந்த அந்த நாட்களில், அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்ற மாணவர்களுக்குக் காரணம் தெரியாமலா இருந்திருக்கும்?

தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். எந்த வகுப்பிலும் மாணவருக்கே முதலில் தெரியும். ஆசிரியருக்குத் தெரிவது பிறகு, பெற்றோருக்குத் தெரிவது அதற்கும் பிறகு.

“அது ஆண் பிள்ளைகளின் முரட்டுத்தனம், கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் அரிவாளுக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், நம்மிடம் அரிவாள் இல்லை. ஆனால் பெண் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆயுதம் உண்டு, அதுவே பேசாமல் இருப்பது. எந்தப் பெண்கள் பள்ளியை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். நான்கு பேர் கூடி ஒருத்தியோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தால் போதும். அடிக்க வேண்டியதில்லை, திட்ட வேண்டியதுமில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். விளையாட்டில் அவளை எந்த அணியும் கேட்காது. அவள் நோட்டைக் கேட்டால் “வீட்டில் வைத்துவிட்டேன்” என்பார்கள். டீச்சரிடம் போய் அவள் என்னவென்று முறையிடுவாள்? “என்னோடு யாரும் பேசவில்லை” என்பது ஒரு குற்றச்சாட்டாகவே பெரியவர்கள் காதில் விழாது. “இரண்டு நாளில் சரியாகிவிடும் மக்கா, போய்ப் படி” என்பார்கள். இரண்டு நாள் இருபது நாளாகும். இக்காலத்தில் கைப்பேசிக் குழுக்களும் சேர்ந்துகொண்டதால் வீட்டுக்குப் போன பின்பும் அந்தத் தனிமை விடுவதில்லை.

சாப்பாட்டு வேளையைச் சற்று உற்று நோக்குங்கள். யார் யாரோடு வட்டமாக உட்காருகிறார்கள் என்பதிலேயே ஒரு வகுப்பின் கதை முழுவதும் தெரிந்துவிடும். சாளை வறுத்துக் கொண்டு வந்தவளைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவள், தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அதே சாளைக்காகத் தம்பியோடு சண்டையிடுவாள்! மரச்சீனி கொண்டு வந்தால் ஒரு சிரிப்பு, கடற்கரைப் பேச்சு பேசினால் ஒரு சிரிப்பு, விளவங்கோட்டுப் பக்கத்து மலையாளச் சாயலுக்கு வேறொரு சிரிப்பு. நாஞ்சில் நாட்டில் ‘சவமே’ என்று அன்பாகவும் சொல்வோம், கோபமாகவும் சொல்வோம். வெளியூர்க்காரர் கேட்டால் திடுக்கிடுவார்கள். கேலியும் அப்படிப்பட்டதுதான். சொல்லில் என்ன இருக்கிறது, சொல்கிறவளின் குரலில்தான் எல்லாம் இருக்கிறது. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பது எப்போதும் சொன்னவளின் தீர்ப்பு. கேட்டவளிடமும் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டாமா?

இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அப்போது ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று நம் வயதுடையவர்கள். இம்மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் அவர்கள் நம்மோடு படித்துக் கொண்டிருக்கிறார்கள். ஆண்டின் முதல் நாளில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தந்தையின் தொழில் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பெயரும் ஊரும் சொல்லிவிட்டு மூன்றாவதற்கு முன் சற்று நின்றுவிடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஐம்பது பேர் முன்னிலையில் அந்தக் கேள்வி தேவைதானா? பதிவேட்டில் இருக்கும் விவரத்தைப் பதிவேட்டிலேயே விட்டுவிடலாம் அன்றோ! “உனக்குப் பிடித்த விளையாட்டு எது?” என்று கேட்டாலும் முதல் நாள் இனிதே கழியும்.

மரியாதை என்ற சொல் நம் மாவட்டத்துப் பெண்களுக்கு எளிதாகக் கிடைத்த சொல் அல்ல. திருவிதாங்கூர் அரசின் கீழ் இப்பகுதி இருந்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணிவதற்கும் தடை இருந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26ஆம் நாள் சாணார் பெண்களுக்கு மேலாடை உரிமை தரும் அரச அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததாம்! கொடுக்கும்போதும் சிறிது பிடித்து வைத்துக்கொண்டே கொடுத்திருக்கிறார்கள். இன்று எல்லாரும் ஒரே சீருடையில் வருகிறோம். ஆனாலும் காலணியையும், கைக்கடிகாரத்தையும், புத்தகப் பையையும் பார்த்து எடை போடும் கண்கள் நமக்குள்ளேயே இருக்கின்றன. நம் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! சாதி பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் சொன்னதும் பழகியதும் அவர்மீது பகை எழ ஒரு காரணம் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். அதைச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக நியமித்தது. அவர் 2024 ஜூன் 18ஆம் நாள் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, பெயரின் அகர வரிசைப்படி மாணவரை அமர வைக்க வேண்டும், 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பன போன்ற பல பரிந்துரைகள் அதில் உள்ளன. அகர வரிசையில் அமர வைப்பது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. விருப்பப்படி உட்காரச் சொன்னால் ஐந்து பேர் கொண்ட கூட்டம் ஆண்டு முழுவதும் அதே ஐந்து பேராகவே இருக்கும். ஒரே குறை, ‘அ’ வில் பெயர் தொடங்குபவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை கரும்பலகைக்கு நேரே அகப்பட்டுக் கொள்வார்கள்! மாதம் ஒரு முறை வரிசையைச் சுழற்றினால் அதுவும் தீர்ந்துவிடும்.

புகார்ப் பெட்டியைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு வைத்ததுதான். ஆனால் பெட்டி அலுவலக வாசலில் இருந்தால், அதில் சீட்டுப் போடுகிறவளை இடைவேளையில் நூறு பேர் பார்ப்பார்கள். கையெழுத்தும் காட்டிக் கொடுத்துவிடும். எங்களுக்கு வேண்டியது, மதிப்பெண் போடாத ஒருவர். பாடம் நடத்துகிறவரிடம் மனத்தில் உள்ளதைச் சொல்ல நாங்கள் தயங்குகிறோம். அது அவர்களின் குறை அல்ல. மறுநாள் அவர்களே வினாத்தாளோடு வருவார்கள் என்பதுதான் தயக்கத்தின் காரணம். 2025 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. அவர் வாரத்தில் இரண்டு நாள் வந்தாலும் பெரிய உதவி.

இனித் தோழியருக்கு ஒரு வார்த்தை. கோள் சொல்லக் கூடாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவள் நகப்பூச்சுப் பூசியிருக்கிறாள், இவள் வீட்டுப்பாடம் பார்த்து எழுதினாள் என்று ஓடிப் போய்ச் சொல்வது கோள். ஒருத்தியை நான்கு பேர் வதைக்கிறார்கள் என்று சொல்வது கோள் ஆகாது. அதிலும், “எனக்கு வாழவே பிடிக்கவில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்” என்று ஒரு தோழி கேட்டால், அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். செய்துவிட்டிருந்தாலும் அன்றைக்கே மீறுங்கள். அவளைத் தனியே விடாமல், சிஸ்டரிடமோ டீச்சரிடமோ அவள் அம்மாவிடமோ உடனே சொல்லிவிடுங்கள். அவள் ஒரு மாதம் உங்களோடு பேசாமல் போகலாம், போகட்டும். பேசாமலாவது அவள் இருப்பாள். யாரிடமும் சொல்ல வழியில்லை என்றால் குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இருக்கின்றன. மூன்றுக்கும் காசு செலவில்லை. இவற்றை நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் அதிகம் சொல்ல எனக்கு வயது போதாது. எனினும் ஒன்று. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் விட்டுவிட்டது. வீடுகள்தாம் இன்னும் விடவில்லை. நெருங்கிய தோழியின் மதிப்பெண்ணைச் சொல்லியே தினமும் திட்டு வாங்கும் பெண், நாளடைவில் அந்தத் தோழியையே வெறுக்கத் தொடங்கிவிடுகிறாள். ஒரு நட்பு எங்கே முறிந்தது என்று தேடிக் கொண்டு போனால் சில வேளை அது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போய் நிற்கும்.

ஆசிரியப் பெருந்தகைகள் என்னைப் பொறுத்தருள வேண்டும். மாணவியரிடம் மரியாதையை எதிர்பார்க்கும் தாங்கள், கட்டணம் கட்டாதவர் பெயரை வகுப்பில் உரக்கப் படிக்காமல், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உரியவளிடம் கொடுத்தால் நன்றாக இருக்கும். திருத்திய விடைத்தாளையும் மதிப்பெண்ணைக் கூவாமலே கொடுக்கலாம். தவறு செய்தவளைத் திருத்துங்கள், தண்டியுங்கள். ஆனால் அதைப் பார்வையாளர் இல்லாமல் செய்யலாம் என்பது என் தாழ்மையான கருத்து. டீச்சர் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அடுத்த இடைவேளையிலேயே வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்துச் சிரிக்க உரிமை பெற்றுவிடுகிறது.

பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் பொதுத் தேர்வை முடித்துக் கொண்டு போகிறோம். வரும் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேரப் போகும் சிறுமிகளுக்காகத் தலைமை ஆசிரியை அவர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு வகுப்பிலும் தனியாக உட்காரும் பிள்ளையைக் கண்டுபிடித்து உடன் உட்கார, மேல் வகுப்பு மாணவியர் இருவரை வாரந்தோறும் மாற்றி நியமிக்க வேண்டும். அலுவலக வாசலில் இருக்கும் புகார்ப் பெட்டியைக் கழற்றி, நூலகத்தின் உட்புறம், அகராதி அலமாரிக்குப் பின்னால் மாட்ட வேண்டும். அங்கே போகிறவளை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செலவு இரண்டு ஆணி மட்டுமே.