யார் கைக் கஷாயம்?

ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரிசாத் தம்பி ஒருவன் மணிமங்கலத்தில் அறை எடுத்துக் கிடக்கிறான். மூணு நாளாகக் காய்ச்சல். சேரிப் பாட்டி வைத்துத் தந்த நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்துவிட்டு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புகிறான். ஆஸ்பத்திரிக்குப் போகலையா தம்பி என்றால், "லீவு போட்டா காசு இல்லண்ணா" என்கிறான்.

'பார்த்தீரா, வடக்கத்தியானும் நம் பாரம்பரிய மருத்துவத்துக்கு வந்துவிட்டான்' என்று மார்தட்ட ஆளிருக்கு. நமக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

பாட்டியின் அறிவு சின்னதல்ல. பச்சிலை அரைத்தவர்களும் பிரசவம் பார்த்தவர்களும் நம் பெண்கள். தொப்புள்கொடி அறுத்த கையைத் தீட்டென்றது சாதி. அந்தப் பச்சிலையே இன்று பொட்டலத்தில் வந்தால் பாரம்பரியம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர்தான். அங்கே ரத்தம் சோதிக்க வழியுண்டு. பாட்டிக்கு ஏது? காய்ச்சல் டெங்குவா என்று அவள் எதை வைத்துச் சொல்வாள்?

ஆக, தோழர்களே, கஷாயமா மாத்திரையா என்பதல்ல கேள்வி. விரும்பிக் குடித்தானா, வேறு கதியில்லாமல் குடித்தானா என்பதே கேள்வி. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் நோய் விடுப்புக்குக் கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கும். கான்ட்ராக்டர் கட்டலேன்னா கம்பெனிதான் பொறுப்பு. இதை அவனுக்கு அவன் மொழியில் யார் சொன்னோம்?

பாட்டியை மதிப்போம். அவள் கஷாயத்தைக் காட்டி முதலாளி தப்பிக்க விடமாட்டோம்.